நிற்பவர்களுக்கும் பெயர் உண்டு

(கோவையில் நடந்த படத்திறப்புக் கூட்டம் ஒன்றில், காலஞ்சென்ற பஞ்சாலைத் தொழிலாளியான தங்கள் தாயாரைப் பற்றி அவருடைய மக்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை.)



எங்கள் தாயாரைப் புகழ்ந்து பேச நாங்கள் இங்கே நிற்கவில்லை. அந்த வேலையை அவருடன் மில்லில் பாடுபட்டவர்கள் எங்களைவிட நன்றாகவே செய்துவிட்டார்கள். அவர் தமது தகரப் பெட்டியில் விட்டுச் சென்ற புகைப்படங்களைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். அம்மா எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தவர். அவருடைய முதல் நாற்பது ஆண்டுகளுக்குச் சாட்சியாக இருப்பவை நான்கே நான்கு படங்கள்.

1839ம் ஆண்டில் பாரிஸ் நகரில் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் தன் முகத்தைப் பேரன் பேத்திகளுக்கு விட்டுச் செல்லும் வசதி யாருக்கு இருந்தது? ஓவியனுக்குக் கூலி கொடுக்க முடிந்த ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும் இருந்தது. 1900ல் கோடாக் கம்பெனி அமெரிக்காவில் ஒரு டாலர் விலைக்குப் பெட்டிக் காமிராவைக் கொண்டுவந்தது. நம் ஊட்டியில் பொதுத்துறையில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1960ல் நிறுவப்பட்டது. அது இன்று இயங்கவில்லை. இத்தனைக்குப் பிறகும், அந்தக் காலத்து ஆலைத் தொழிலாளி வீட்டில் ஸ்டுடியோவுக்குப் போவது என்பது ஆயுளில் ஓரிரு முறை நடக்கும் காரியமாகவே இருந்தது.

முதல் படம் 1961ல் எடுத்தது; திருமணப் படம். பின்னால் திரைச்சீலையில் அரண்மனைப் படிக்கட்டு. அப்பா கோட்டு அணிந்திருக்கிறார். அம்மா கழுத்தில் அட்டிகை. பார்த்தால் மிராசுதார் வீட்டுக் கல்யாணம் என்று தோன்றும். அம்மாவிடம் கேட்டால் சிரிப்பார். "கோட்டு ஸ்டுடியோக்காரரோடது. அட்டிகை பக்கத்து வீட்டு அக்காவோடது. நாங்க ரெண்டு பேரு மட்டுந்தான் கண்ணு எங்களோடது" என்பார். இந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் அந்தப் படம் எங்களை ஏமாற்றியிருக்கும்.

இரண்டாவது படம் 1963. அம்மா மடியில் ஒரு கைக்குழந்தை. அது எங்களில் யாரும் அல்ல. எங்களுக்கெல்லாம் மூத்தவள், ஒரு வயது நிறையும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பிறந்தாள் என்பதற்கு எங்கள் வீட்டில் வேறு ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. படத்தின் பின்புறத்தில் எதுவும் எழுதப்படவில்லை. எப்படி எழுதுவார்? அம்மா எழுத்துக் கற்றது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். அவர் வாயால் சொன்னதால்தான் அந்த அக்காளின் பெயர் எங்களுக்குத் தெரியும். சொல்லாமல் போயிருந்தால், 'யாரோ ஒரு குழந்தை' என்றாகியிருக்கும்.

மூன்றாவது படம் 1968ல் மில் வளாகத்தில் எடுத்தது. இதைத்தான் நாங்கள் அதிகம் பேச விரும்புகிறோம். முன்வரிசையில் நாற்காலிகள். அதிகாரிகள் மாலையுடன் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆண் தொழிலாளர்கள். கடைசி வரிசையில், பெஞ்சின்மேல், நூல் சுற்றும் பகுதியைச் சேர்ந்த பதினாறு பெண்கள். படம் ஒட்டிய அட்டையின் கீழே பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. யாருடைய பெயர்கள்? நாற்காலியில் இருப்பவர்களின் பெயர்கள்! நிற்பவர்களுக்குப் பெயர் இல்லை. நூல் சுற்றிய கைகள் எத்தனையோ. அட்டையில் அவர்களுக்கு ஓர் அங்குல இடம் கிடைக்கவில்லை.

நான்காவது படம் 1974ல் எங்கள் மாமா ஆக்பா கிளிக் 3 காமிராவால் எடுத்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். ஒன்றை வீணாக்கினாலும் மனம் பதறும். குழந்தைகளை எடுக்கப் போய், தண்ணீர்க் குடத்துடன் குறுக்கே வந்த அம்மா ஓரத்தில் பாதியாக விழுந்துவிட்டார். நான்கு படங்களில் அவர் சிரிப்பது இதில் மட்டும்தான்.

பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த்தின் தாயார் 1977ல் காலமானார். அவர் பழைய படங்களைத் தேடி, தாயார் ஐந்து வயதுச் சிறுமியாக நிற்கும் ஒரு படத்தில்தான் அவரை அடையாளம் கண்டார். 1980ல் வெளிவந்த தமது புத்தகத்தில் அதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆனால் அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது சாதாரணப் படமாகவே தெரியும் என்று கருதினார். அவர் துக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் எங்கள் தாயார் எங்களுக்கு மட்டும் உரியவர் அல்ல. ஆகவே எங்கள் படங்களை நாங்கள் மறைத்து வைக்கப் போவதில்லை.

இன்று இங்கே திறந்துவைக்கப்பட்ட படம் அந்த மில் படத்திலிருந்து பெரிதாக்கப்பட்டது. கடைக்காரர் நல்ல மனிதர். "கழுத்தில் நகை போட்டுவிடலாம், பின்னால் பூந்தோட்டம் வைத்துவிடலாம், கம்ப்யூட்டரில் ஐந்து நிமிஷ வேலை" என்றார். வேண்டாம் என்று சொன்னோம். இரவல் அட்டிகை ஒரு முறை போதும். முகம் சற்று மங்கலாகத்தான் இருக்கிறது. தலைமயிரில் ஒட்டியிருப்பது பஞ்சா, காகிதத்தின் புள்ளியா என்று தெரியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

தோழர்களே! கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்கி நிற்பது வெள்ளி. நன்றாகக் கழுவி, ஈரமும் வெயிலும் படாமல் வைத்தால் அது நூறாண்டு தாங்கும். பிற்காலத்துக் கலர்ப் படங்களின் சாயம் அதைவிடச் சீக்கிரம் வெளுத்துவிடும். ஆனால் எந்த வெள்ளியாலும் ஒரு பெயரைக் காப்பாற்ற முடியாது. அதற்கு ஒரு பென்சிலும், நினைவுள்ள ஒரு மனிதரும் வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே படங்களை அவர்கள் முன் வையுங்கள். இது யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேளுங்கள். பின்புறத்தில் ஓரமாக, அழுத்தாமல், பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்புறத்தில் ஊறிவிடும்.

நாங்கள் அப்படித்தான் அம்மாவைக் கேட்டோம். கடைசி வரிசையை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: இவள் சிங்காநல்லூர்க்காரி, இவள் ஒண்டிப்புதூர், இவளுக்குப் பாட்டு நன்றாக வரும், இவள் எனக்காக இரண்டு ஷிப்டு நின்றவள் என்று. அவரையும் சேர்த்துப் பதினொரு பெண்களின் பெயர்களை எழுதிவிட்டோம். ஐந்து பேரின் பெயர்கள் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அதற்காக அவர் வருந்தினார்.

அந்தக் காலத்தில் அங்கே வேலை செய்த தாய்மார்கள் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். படம் வாசலருகே மேஜைமேல் இருக்கிறது. பக்கத்தில் பென்சில் இருக்கிறது. வீடு திரும்புமுன் ஒரு முறை பாருங்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர் நீங்களாகவே இருந்தால், உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.