முதல் வகுப்பில் உலகம் சுற்றலாம்!

(கண்டியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



"முதல் வகுப்பில் உலகம் சுற்றலாம், வாருங்கள்" என்று விமான நிறுவனங்கள் நம்மை அழைக்கின்றன. நீட்டினால் கட்டிலாகும் நாற்காலி, தனியறை போன்ற தடுப்பு, பீங்கான் தட்டிலே விருந்து, கேட்ட நேரத்தில் தேநீர்! 1924ஆம் ஆண்டில் உலகை முதன்முதல் வானவழியே சுற்றி வந்த அமெரிக்கப் படையினருக்கு 175 நாள்கள் பிடித்தன. புறப்பட்ட நான்கு விமானங்களில் இரண்டுதான் முழுச் சுற்றையும் முடித்தன. 1947இல் பான் அமெரிக்கன் நிறுவனம் சீட்டு விற்று உலகைச் சுற்றத் தொடங்கியது. இன்றோ நிறுவனங்கள் பல கூட்டுச் சேர்ந்து, ஒரே சீட்டிலே உலகத்தைச் சுருட்டிக் கையில் கொடுக்கின்றன. நமது நாட்டு விமான நிறுவனமும் 2014 முதல் அப்படிப்பட்ட ஒரு கூட்டில் அங்கம் வகிக்கின்றது.

அந்தச் சீட்டின் விதிகளைப் படித்துப் பார்த்தேன். கிழக்கே புறப்பட்டவன் கிழக்கு நோக்கியே செல்லவேண்டும். மேற்கே புறப்பட்டவன் மேற்கு நோக்கியே செல்லவேண்டும். அத்திலாந்திக், பசிபிக் ஆகிய இரு பெருங்கடல்களையும் கடக்கவேண்டும். 16 பறப்புகளுக்கு மேற்படக் கூடாது. ஓராண்டுக்குள் பயணம் முடியவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நாட்டிலிருந்து புறப்பட்டானோ அந்த நாட்டிற்கே அவன் திரும்பி வந்தாக வேண்டும்! திரும்பி வருவதையே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கண்டி மண்ணில் நின்றுகொண்டு அந்த விதியைப் படிக்கும்போது, தோழர்களே, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏனென்றால், இந்த மலைநாட்டு மக்களுக்கு வரலாறு கொடுத்த சீட்டுகள் எல்லாம் ஒருவழிச் சீட்டுகள்.

மன்னனிடமிருந்தே தொடங்கலாம். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டான். மறு ஆண்டு 'கோர்ன்வாலிஸ்' என்ற பிரித்தானியக் கப்பலில் ஏற்றி, சென்னைக்கும் அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கும் கொண்டு போனார்கள். அரசன் என்ற மரியாதை குறையாமல்தான் கொண்டு போனார்கள். கண்டியிலிருந்து கடல் தாண்டிய முதல் வகுப்புப் பயணி என்று வேண்டுமானால் அவனைச் சொல்லிக்கொள்ளலாம். 1832இல் வேலூரிலேயே மாண்டான். திரும்பி வருவதற்கு அவனுடைய சீட்டில் இடமில்லை.

அரசன் போன பின்னர்க் குடிமக்கள் வந்தார்கள். 1820களில் கம்பளைப் பக்கம் காப்பித் தோட்டங்கள் தோன்றின. தமிழ்நாட்டின் கரையிலே தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டைக் கடந்து, மாத்தளை வழியாக நம் முன்னோர் நடந்தே மலையேறினர். பசியிலும் பேதியிலும் பாதையிலே வீழ்ந்தவர்களுக்குக் கல்லுமில்லை, கணக்குமில்லை.

1867ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது. கடுகண்ணாவைச் சரிவிலே மலையைக் குடைந்து, பாறையைப் பிளந்து போட்ட பாதை அது. எதற்காக வந்தது? காப்பியை இறக்குவதற்காக வந்தது. மாட்டு வண்டியிலே நாட்கணக்கில் ஆடி அசைந்து சென்ற காப்பி, ஒரே நாளில் துறைமுகம் சேர்வதற்காக வந்தது. காப்பிக் கொட்டை சொகுசாகப் புகையிரதத்தில் இறங்கியது. காப்பி பறித்தவனோ 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை வடக்கு வழியிலே நடந்துதான் ஏறினான். அந்தப் பாதையில் முதல் வகுப்பும் இருந்தது, மூன்றாம் வகுப்பும் இருந்தது. நடந்து வந்தவன் எந்த வகுப்பு? பட்டியலில் இல்லாத வகுப்பு!

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர் அவனுக்கும் புகையிரதம் கிடைத்தது. ஆனால் அவன் கழுத்திலே என்ன தொங்கியது தெரியுமா? தகரத் துண்டு! தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த ஒரு தகர வட்டம். அதைக் காட்டினால் போதும், கையில் காசில்லாமலே கப்பலிலும் கோச்சியிலும் ஏறலாம். ஆகா, எவ்வளவு தாராளம் என்று எண்ணிவிடாதீர்கள். செலவு முழுவதும் தோட்டத்தின் பேரேட்டில் ஏறும். தோட்டத்திலிருந்து கங்காணியின் கணக்கிற்கு வரும். கங்காணியின் கணக்கிலிருந்து தொழிலாளியின் தலையில் கடனாக இறங்கும். சாமானுக்குக் கட்டும் சீட்டைப் போல, மனிதனுக்கும் கட்டி அனுப்பினார்கள். ஒரு நாட்டிற்குள் கடனோடு நுழைந்து, அந்தக் கடனை அடைக்க உழைத்து, அடைக்குமுன்பே இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்!

அதன் பிறகு 1948 வந்தது. நாடு விடுதலை அடைந்தது. அதே ஆண்டில் பிரசாவுரிமைச் சட்டம் வந்து இந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. நாடற்றவனுக்குக் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இல்லாதவனுக்கு முதல் வகுப்பு எங்கே, மூன்றாம் வகுப்பு எங்கே? வெளிநாட்டான் ஒருவன் உலகத்தைச் சுற்றி வந்து கண்டியைப் பார்க்கலாம். கண்டியிலே பிறந்தவன் கடலைத் தாண்ட ஒரு தாள் கிடையாது!

1964 அக்டோபரில் தாள் கிடைத்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்களைத் தேங்காய் பங்கு போடுவதைப் போலப் பங்கு போட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் அங்கே, 3 இலட்சம் இங்கே, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75 ஆயிரம் என்று சரிபாதியாக வெட்டினார்கள். உனக்கு எங்கே வாழ விருப்பம் என்று முதலில் மக்களைக் கேட்டுவிட்டுப் பிறகு எண்ணிக்கையைப் போட்டார்களா? எண்ணிக்கையைப் போட்டுவிட்டுப் பிறகு விண்ணப்பத் தாளை நீட்டினார்கள்.

இந்தியத் தாள் பெற்றவர்கள் கோச்சி ஏறினார்கள். எந்தச் சரிவிலே காப்பி இறங்கியதோ, எந்தச் சரிவிலே தேயிலைப் பெட்டி இறங்கியதோ, அதே கடுகண்ணாவைச் சரிவிலே இப்போது மனிதர்கள் இறங்கினார்கள். பேராதனைச் சந்தியைத் தாண்டும்போது பெட்டிக்குள் எழுந்த குரலைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'ஒப்பாரிக் கோச்சி' என்று அதற்குப் பெயர். எழுத்தாளர் மு. சிவலிங்கம் அதே தலைப்பில் கதை எழுதியிருக்கிறார், படிக்காதவர்கள் படியுங்கள். தாய் இந்தியக் கடவுச்சீட்டிலே போனாள், மணமான மகள் இலங்கைப் பிரசையாகப் பின்தங்கினாள். 1984இல் கப்பலும் நின்றுபோயிற்று. போக வேண்டியவர்களில் பலர் போக வழியின்றி இங்கேயே நின்றனர். அவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் இலங்கைப் பிரசாவுரிமையைக் கொடுத்தது. 1948 எங்கே, 2003 எங்கே! 55 ஆண்டுகள் தோழர்களே, ஒரு மனிதன் பிறந்து, வளர்ந்து, உழைத்து, ஓய்வு பெறும் காலம்!

இனி, வானத்திற்கு வருவோம். முதல் வகுப்பிலே கிண்ணத்தில் வந்து நிற்கிறதே தேநீர், அதற்கும் இந்த ஊருக்கும் உறவுண்டு. கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். புகையிரதம் கண்டிக்கு வந்த அதே ஆண்டு! 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குப் போயிற்று. அன்று தொடங்கிய பயணம் நிற்கவில்லை. நமது தேயிலை உலகத்தைச் சுற்றுகிறது, முதல் வகுப்பிலே சுற்றுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடலாமா? கணக்கு என்றதும் முகம் சுளிக்காதீர்கள். கமக்காரர்களுக்குக் கணக்குத் தெரியும், தெரியாத மாதிரி நடிப்பவர்கள் முதலாளிகள்தாம். ஒரு பெண் ஒரு நாளில் 18 கிலோ கொழுந்து எடுக்கிறாள் என்று வையுங்கள். குறைந்தால் அரைப் பேர்தான் போடுவார்கள், அது வேறு கதை. நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். ஆகவே அவள் கையால் 4 கிலோ தேயிலை. ஒரு கிண்ணத்திற்கு 2 கிராம் போதும். 2000 கிண்ணங்கள்! 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபா. வகுத்துப் பாருங்கள், ஒரு கிண்ணத்திற்கு 68 சதம்கூட முழுதாக வரவில்லை. வேறு விதமாகவும் பார்க்கலாம். உலகம் சுற்றும் முதல் வகுப்புச் சீட்டைப் பத்தாயிரம் டொலர் என்று குறைத்தே மதிப்பிடுவோம். டொலருக்கு 300 ரூபா வீதம் 30 இலட்சம். மாதம் 25 நாள் பேர் விழுந்தால் அந்தப் பெண்ணுக்கு 33,750 ரூபா. உண்ணாமல், உடுக்காமல், பிள்ளைக்குக் கொப்பி வாங்காமல் ஏழு ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் சேர்த்தால் அந்தச் சீட்டு கிடைக்கும்.

இந்தச் சீட்டு வணிகத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே விமானம், அதே நாற்காலி, அதே விருந்து. ஆனால் சுற்று எந்த நாட்டில் தொடங்குகிறதோ அதற்கேற்ப விலை மாறும். ஆகவே பணமுள்ள பயணிகள், மலிவான நாடு எது என்று தேடிப் பறந்து வந்து, அங்கிருந்து தங்கள் சுற்றைத் தொடங்குகிறார்கள். 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாவாக இருந்த நமது நாணயம், இரண்டே மாதத்தில் 350ஐத் தாண்டி விழுந்தது. கமக்காரன் அதற்கு முன்னைய ஆண்டில் உரத்தடையால் விளைச்சலை இழந்திருந்தான். இப்போது மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றான். வைத்தியர்களும் பொறியியலாளர்களும் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நின்றார்கள். நமது விமானங்களோ எண்ணெய் நிரப்பத் திருவனந்தபுரத்திற்கும் சென்னைக்கும் பறந்தன. ஒருவனுடைய வீழ்ச்சி இன்னொருவனுக்கு மலிவு விலை என்பதைப் பொருளியல் நூல் படிக்காமலே அந்த ஆண்டு நாம் கற்றுக்கொண்டோம்.

நமது தேசிய விமானத்தில் முதல் வகுப்பே கிடையாது என்பது உங்களுள் பலருக்குத் தெரியாது. இரண்டே வகுப்புகள்தாம். ஆனால் முதல் வகுப்பு மனம் அங்கே இருந்திருக்கிறது! 2007 டிசம்பரில் இலண்டனிலிருந்து திரும்ப வேண்டிய அன்றைய ஜனாதிபதியின் பரிவாரத்திற்கு, நிரம்பிய விமானத்திலே ஏறக்குறைய 35 ஆசனங்கள் கேட்கப்பட்டன. பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களை இறக்க முடியாது என்று நிறுவனம் மறுத்தது. விளைவு? தலைமை நிர்வாகி பீட்டர் ஹில்லின் வேலை அனுமதி பறிபோயிற்று. 2008இல் எமிரேட்ஸ் நிறுவனம் நிர்வாகத்தை விட்டு விலகியது. 2010இல் அதன் பங்குகளை அரசு ஐந்து கோடி டொலருக்கு மேல் கொடுத்துத் திரும்ப வாங்கியது. அதற்குப் பிறகு வந்த நட்டத்தை யார் சுமந்தார்கள்? சீனிக்கும் பருப்புக்கும் வரி கட்டியவர்கள் சுமந்தார்கள். விமானத்தை ஒருநாளும் உள்ளே பார்த்திராத லயத்துக் கிழவியும் அதன் பங்குதாரர்தான், நட்டத்தில் மட்டும்!

முதல் வகுப்பில் போகிறவனைக் கீழே இறக்கு என்று சொல்ல நான் வரவில்லை. உழைத்துச் சேர்த்தவன் போகட்டும். உல்லாசப் பயணி வரட்டும். கண்டியில் தங்கட்டும், பெரஹராவைப் பார்க்கட்டும், செலவழிக்கட்டும். மூன்றாம் வகுப்புப் பெட்டியின் வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பதற்காகவே எட்டாயிரம் மைல் பறந்து வருகிறான் சிலபேர். நம்மவன் இடமில்லாமல் தொங்குகிறான், அவன் இன்பத்திற்காகத் தொங்குகிறான். அவனோடு எனக்கு வழக்கில்லை. என் வழக்கு வேறு.

இன்றைக்குத் தோட்டத்துப் பெண்கள் விமானம் ஏறுகிறார்கள். வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கையில் இலங்கைக் கடவுச்சீட்டு இருக்கிறது. அது போராடிப் பெற்ற தாள், சிறிய வெற்றியல்ல. ஆனால் அந்தக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் எழுதும்போது, "முகவரி" என்ற இடத்தில் அவள் என்ன எழுதுகிறாள்? தோட்டத்தின் பெயரை எழுதுகிறாள், பிரிவின் பெயரை எழுதுகிறாள். வீட்டு எண் இல்லை, வீதி இல்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்திற்குப் போய், அங்கே கிடந்து, யாரோ ஒருவர் கையில் வந்து சேர்கிறது. பல்கலைக்கழகத்திற்கு வா என்ற கடிதமும் அப்படித்தான், வங்கியின் கடிதமும் அப்படித்தான். ஐந்து தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு கதவெண் இல்லை! 7 பேர்ச்சஸ் காணி என்கிறார்கள், வீடு என்கிறார்கள். கொடுத்த இடங்களில் வரவேற்போம். உறுதிப் பத்திரம் இல்லாத வீட்டிற்கு என்ன பெயர்? அது புதிதாகக் கூரை மாற்றிய லயம், அவ்வளவுதான்.

வழக்கறிஞர்கள் இங்கே இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரை அடுத்த தோட்டத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று, குடியிருப்பவரின் பெயரையும் எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்பதையும் எழுதுங்கள். விண்ணப்பத்தை அவர்கள் மொழியிலே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிரதேச செயலாளரிடம் கொடுத்து, கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கமக்காரத் தோழர்களே, காணி உறுதியின் அருமை உங்களுக்குத் தெரியும். வேலிச் சண்டைக்கு நீதிமன்றம் ஏறியவர்கள் நீங்கள். உறுதி இல்லாதவனுக்குச் சாட்சியாக நீங்கள் வாருங்கள்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "உங்களுக்கு யாராவது முதல் வகுப்புச் சீட்டு இலவசமாகக் கொடுத்தால் போவீர்களா, மாட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறார். போவேன் தோழரே, ஏன் போகாமல்? போகுமுன் இரண்டு கேள்வி கேட்பேன். காசு யாருடையது என்று கேட்பேன். திரும்பி வரும் சீட்டும் சேர்த்துத்தானா என்று கேட்பேன்.

விண்ணப்பத் தாள்கள் மேடைக்கு வலப்பக்கத்திலே உள்ள மேசையில் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் பிரிவின் பெயரையும் லயத்தின் எண்ணையும் சொல்லிப் பதிந்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். மழை வரும் போலிருக்கிறது. தூரத்துப் பிரிவுகளிலிருந்து வந்தவர்களை முதலில் விடுங்கள்.