வருமான வரி யாருக்கு?

(மணியாச்சிக் கூட்டத்தில் பேசியது)



வரியைப்பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "கட்டபொம்மன் வசனமா?" என்று ரயிலடியிலேயே சிலர் கேட்டார்கள். இந்தச் சீமையில் வரி என்றால் அதுதான் ஞாபகத்திற்கு வருகிறது. நான் சொல்லப்போவது வெறும் கணக்கு. சற்றுப் பொறுமையாய்க் கேட்க வேண்டுகிறேன்.

எனக்கு முன் பேசிய தோழர், "எல்லோருக்கும் 100க்கு 10 என்று ஒரே வரி போட்டால் சட்டம் சுலபமாகிவிடும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். மாதம் 10,000 ரூபாய் கூலி வாங்குகிறவனிடம் 1,000 எடுத்தால், அவன் வீட்டில் அரிசி பருப்புக் குறையும். 10 லட்சம் வருகிறவனிடம் 1 லட்சம் எடுத்தால் அவன் வீட்டு அடுப்பு அணைந்துவிடுமா? விகிதம் ஒன்று, கஷ்டம் ஒன்றா?

நம் கோவில்பட்டித் தீப்பெட்டியையே பாருங்கள். 1934இல் வெள்ளைக்கார சர்க்கார் இதற்கு எக்சைஸ் வரி போட்டது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கைத்தீப்பெட்டிக்கு 5, மற்றதற்கு 18 என்று வைத்தார்கள். பிறகு "சுலபமாக்குகிறோம்" என்று 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் 12 ஆக்கினார்கள். யாருக்குச் சுலபம்? மிஷின்காரனுக்கு 6 குறைந்தது. கையால் செய்கிறவனுக்கு 7 ஏறியது. 2025 செப்டம்பரில்தான் மறுபடி 5க்கு இறங்கியது. ஒரே விகிதம் என்கிற பேச்சைக் கேட்டவுடன் கைதட்டக்கூடாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

அப்படியானால் பணக்காரனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பிடுங்கலாமா என்றால், அதையும் செய்து பார்த்தாயிற்று. 1973-74இல் 2 லட்சத்திற்கு மேற்பட்ட வருமானத்தில், சர்சார்ஜ் உள்பட 100க்கு 97 ரூபாய் 75 காசு வரி. மிச்சம் இரண்டேகால் ரூபாய்க்காக எவன் யோக்கியமாய்க் கணக்குக் காட்டுவான்? 75க்குக் குறையுங்கள் என்று வாஞ்சு கமிட்டி 1971இலேயே சொல்லியிருந்தது. அடுத்த வருஷம் 77 ஆயிற்று. 1997இல் 10, 20, 30 என்று மூன்று படிகளாயின.

2025 பட்ஜெட்டின் புதிய முறைப்படி 4 லட்சம் வரை வரியில்லை. பிறகு நாலு நாலு லட்சத்திற்கு 5, 10, 15, 20, 25. 24 லட்சத்திற்கு மேல் 30. இதைத் தீப்பெட்டி முதுகிலேயே எழுதிவிடலாம். ஆகவே சிக்கல் படிகளில் இல்லை. பின் எங்கே இருக்கிறது?

சம்பளம் போன்ற வருமானம் 12 லட்சம் வரை உள்ளவனுக்கு வரியைத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். 10,000 கூட வந்துவிட்டால் கணக்குப்படி 61,500 வரி ஆகும். "கூட வந்ததற்கு மேல் எடுக்கமாட்டோம்" என்று 10,000 மட்டும் எடுக்கிறார்கள். மகா கருணை! அதன்மேல் செஸ் 400 வேறு. ஆக, 10,000 கூடச் சம்பாதித்தவனுக்கு 400 நஷ்டம்! ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் வரை கூட வருவதெல்லாம் இப்படியே போகிறது. பெருங்கோடீஸ்வரனுக்கோ, எல்லாம் சேர்த்தும் கடைசி 100க்கு 39தான். தள்ளுபடியைத் திடீரென்று அறுக்காமல் படிப்படியாய்க் குறைத்தால் இந்த அநியாயம் இராது.

அடுத்தது விலக்குகள். 1961 சட்டத்திற்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் என்று செய்த புதுச் சட்டத்தில் 536 பிரிவுகள். சொற்கள் பாதியாகக் குறைந்தன. நல்லதுதான். ஆனால் "இந்துக் கூட்டுக்குடும்பம்" என்கிற வரிதாரர் அதிலும் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவுக்கு ஒரு கணக்கு, குடும்பத்திற்குத் தனி விலக்கோடு வேறொரு கணக்கு. முஸ்லிமுக்கும் கிறிஸ்தவனுக்கும் இது கிடையாது. வரிக்கணக்கில் மதத்திற்கு என்ன வேலை? கேரளம் 1975இல் சட்டம் செய்து கூட்டுக்குடும்ப உரிமையையே ஒழித்தது.

விவசாய வருமானத்திற்கும் மத்திய சர்க்கார் வரி போடுவதில்லை. கரிசலில் பருத்தியும் உளுந்தும் விதைத்து வானத்தைப் பார்க்கிறவனுக்கு இதனால் என்ன லாபம்? அவனுக்கு 4 லட்சமே வருவதில்லையே! அவன் பெயரைச் சொல்லிப் பெரும் பண்ணைக்காரன் தப்புகிறான். ஏழைக்கு வரம்பே போதும், விலக்கு தேவையில்லை.

ஆட்சேபணையுள்ள தோழர்கள், முக்கியமாய் முன்பு பேசிய தோழர், தாராளமாய் எழுந்து கேட்கலாம். தூத்துக்குடி வண்டிக்கு இன்னும் நேரமிருக்கிறது.