கொழுந்துத் தராசும் சபைக் கணக்கும்



இராகலைப் பகுதியின் தேயிலை மலைகளில் கொழுந்து நிறுக்கும் வேளையைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவர். கொழுந்தை இறக்கி வைத்த பெண்ணின் கண் தராசை விட்டு அகலுவதில்லை. சாக்கின் நிறைக்கு எவ்வளவு கழித்தார்கள், ஈரத்திற்கு எவ்வளவு கழித்தார்கள், ஏட்டில் பதிந்தது எத்தனை கிலோ என்பதெல்லாம் அவள் மனத்தில் நிற்கும். மாத முடிவில் அரைப் பேர் குறைந்திருந்தாலும் கேள்வி எழாமல் இராது. இத்துணை விழிப்புடைய மக்கள், தங்கள் பெயரால் நடைபெறும் பிரதேச சபையின் கணக்கை மட்டும் ஏறிட்டுப் பாராதிருப்பது ஏன்?

"வரி கட்டுகிறவர் கடைத்தெருக்காரர். லயமோ தோட்டத்துக்குச் சொந்தம். கணக்குக் கேட்க எங்களுக்கு என்ன உரிமை?" என்பதே பலரும் கூறும் விடை. இவ்விடை சரியானதுதானா என்று பார்ப்போம்.

இராகலை, வலப்பனைப் பிரதேச சபையின் எல்லைக்கு உட்பட்ட ஊர். கட்டடங்கள் நிறைந்த பகுதிகளில் ஆதன வரியும், பயிர்செய் நிலங்களுக்கு ஏக்கர் வரியும் விதிக்கப் பிரதேச சபைகளுக்குச் சட்டம் அதிகாரம் தந்துள்ளது. தோட்டம் செலுத்தும் ஏக்கர் வரி எவருடைய உழைப்பிலிருந்து பிறந்தது? கொழுந்து பறித்தவருடைய உழைப்பிலிருந்து அன்றோ? சபையின் வருவாய் இவ்வரிகளோடு முடிந்துவிடுவதும் இல்லை. முத்திரைக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம், சந்தை வருமானம், அரசாங்க மானியம் என அது விரியும். அம்மானியமோ சீனியும் பருப்பும் துணியும் வாங்கும் ஒவ்வொருவரும் விலையோடு சேர்த்துக் கொடுத்த வரிப்பணம். வரிச்சீட்டு வாராத வீடு உண்டு; வரி கொடாத வீடு இல்லை.

எனினும், மலையகத்தார் கேட்கத் தயங்குவதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அவ்வநீதி முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. வாக்குரிமை மீண்ட பின்னரும் மற்றொரு தடை இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கு இடையூறாக நின்றது. உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அவரைக் கொண்டு லயத்துப் பாதையைச் செப்பனிடுவிப்பது அரிது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டு அத்தடை தளர்ந்தது. ஆனால் தடை தளர்ந்த மாத்திரத்தில் பணம் தானாகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிடாது. கேட்போர் உள்ள இடத்தையே அது நாடிச் செல்லும்.

கேட்பதற்கு வழி என்ன? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரதேச சபையும் அதற்குக் கட்டுப்பட்டதே. தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். எழுத இயலாதவர் வாயால் கூறினால், அதை எழுத்தில் பதிந்துகொள்வது அலுவலரின் கடமை. எதற்காகக் கேட்கிறாய் என்று காரணம் வினவ அவருக்கு உரிமை இல்லை. தகவலைத் தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுத்து அறிவித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கும் அப்பால் ஆணைக்குழு உண்டு.

கேள்வி தெளிவாக இருத்தல் வேண்டும். "சபைப் பணம் எங்கே போயிற்று?" என்பது கோபம், கேள்வி அன்று. "இந்தப் பாதைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? கொங்கிறீற்று இடவேண்டிய நீளம் எத்தனை மீற்றர்? ஒப்பந்தகாரருக்குக் கொடுத்த பணம் எவ்வளவு?" என்பன கேள்விகள். விடை கிடைத்தபின் ஓர் அளவுநாடாவும் நாலு அயலவரும் போதும், உண்மை வெளியாகிவிடும்.

இந்தியாவின் ராஜஸ்தானில் 1994இல் ஏழைக் கூலியாட்கள் இதையே செய்தனர். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பினர் பொதுப்பணிகளின் கூலிப் பட்டியலைக் கிராமத்தார் நடுவே உரக்கப் படித்துக் காட்டினர். வேலைக்கு வாராதோர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தமை அம்பலமாயிற்று. அங்கு எழுந்த குரலே வளர்ந்து, 2005இல் இந்தியாவின் தகவல் உரிமைச் சட்டமாகக் கனிந்தது. கூலிப் பட்டியல் என்பது தோட்டத்துச் செக்ரோலின் உடன்பிறப்பே. அதைப் படித்துப் பழகியவர்களுக்குச் சபைக் கணக்கு எட்டாத கனி ஆகுமா?

செலவு முடிந்தபின் கணக்குக் கேட்பதிலும், செலவுக்கு முன் கருத்துரைப்பது மேலானது. அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைச் சபை ஆண்டிறுதியில் வகுக்கின்றது. குடிநீர்க் குழாய் முதலில் வேண்டுமா, தெருவிளக்கு முதலில் வேண்டுமா என்பதை ஒவ்வொரு லயத்தாரும் கூடிப் பேசி, அதற்கு முன்பே எழுத்தில் உறுப்பினரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகின்றது. அவ்விடங்கள் வெறுமையாய்க் கிடத்தல் நன்றன்று.

கணக்குக் கேட்பது பகைமை ஆகாது. நேர்மையான உறுப்பினருக்கு அதுவே அரண். ஏனெனில், பார்வைக்கு வந்த கணக்கின் மீது வதந்தி நிற்பதில்லை. நேர்மையாக நிறுப்பவன் தராசை உற்று நோக்குபவரைக் கண்டு சினப்பதில்லை. கொழுந்துத் தராசின் முன் நிற்கும் அதே கண், சபைக் கணக்கின் முன்னும் நிற்குமாயின், ஏட்டில் எழுதிய பாதை ஒருநாள் லயத்து வாசலுக்கும் வந்து சேரும்.