எழுத்துப் பட்டறையும் சிவப்பு மையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பாடசாலைப் பிள்ளைகளுக்கு நடத்தும் எழுத்துப் பட்டறை பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பட்டறை என்றதும் நமக்கு ஊர்க் கம்மாலையே நினைவில் வருகின்றது. அங்கே விரிவுரை இல்லை. துருத்தி ஊதும் சிறுவன் மூத்தவரின் கையைப் பார்த்தே தொழில் பழகுகின்றான். சரியாக அமையாத கத்தி மீண்டும் உலைக்குப் போகும். எழுதியதை மறுபடி எழுதப் பழக்குவதுதான் எழுத்துப் பட்டறையின் வேலையும். முன்னாளில் பத்திரிகைகள் இதனை ஓரளவு செய்தன. நா. பொன்னையா அவர்கள் 1930இல் தொடங்கிய ஈழகேசரி இளைஞருக்கு இடங்கொடுத்தது. அதில் எழுதிய வரதர், அ. செ. முருகானந்தன் முதலியோரே பின்னர், 1946இல், மறுமலர்ச்சி சஞ்சிகையை வெளிக்கொணர்ந்தோரிலும் இருந்தனர்.

நமது முதற் பட்டறையில் நடந்ததை மறையாமற் சொல்லிவிடுகிறோம். திறமையுள்ள பிள்ளைகளை அனுப்புமாறு பாடசாலைகளைக் கேட்டோம். வந்தவர்கள் பெரும்பாலும் வகுப்பில் முதலாம் பிள்ளைகள். பிழையின்றி எழுதினார்கள், ஆனால் அத்தனையும் பரீட்சைக் கட்டுரை. மரம் பேசியது, நதி பேசியது, பழைய குடையும் பேசியது. பிள்ளை மட்டும் பேசவில்லை.

தமக்கைக்குத் துணையாக வந்த ஒரு சிறுவன் விறாந்தையில் இருந்தான். அவனுக்கும் ஒரு தாள் கொடுத்தோம். இரவில் விளக்கடியில் தகப்பன் வலை பொத்துவதை எழுதியிருந்தான். அன்று மீன் படவில்லை. “அப்பு ஒண்டும் பறையேல்லை” என்று ஒரு வரி. எழுத்துப் பிழைகள் நிறையவே இருந்தன. நம்மில் ஒருவர் சிவப்பு மையை எடுத்து, “தந்தையார் யாதும் உரைத்திலர்” என்று அந்த வரியையுந் திருத்திவிட்டார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். சிறுவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மத்தியானச் சாப்பாட்டிற்குப் பின் அவனைக் காணவில்லை.

அறியாமற் செய்தோம் என்று சொல்லவும் வழியில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட நானாடகம் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் அமைந்தது. பேச்சுவழக்கைக் கதையில் வைப்பதா என்று 1960களில் ஈழத்து எழுத்தாளர் காரசாரமாக வாதிட்டனர். இவற்றையெல்லாம் மேடையிற் பேசுகின்ற நாமே, ஒரு பிள்ளையின் வீட்டுப் பேச்சை நமது வீட்டுப் பேச்சாகக்கூட அல்ல, எவர் வீட்டிலும் இல்லாத பேச்சாக மாற்றினோம். எழுத்துப் பிழை திருத்தத்தான் வேண்டும். அது கடைசி நாள் வேலை.

இப்போது முதல் நாளில் எவர் கையிலும் சிவப்புப் பேனை இல்லை. பிள்ளை தானே வாசிக்கும். மற்றப் பிள்ளைகள், “இந்த இடம் விளங்கவில்லை, இந்த இடத்தில் இன்னுஞ் சொல்லு” என்பார்கள். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி எழுதிவரும். தெரிவுக்கும் புள்ளிகளைப் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் எழுதி அனுப்பினாற் போதும்.

அந்தச் சிறுவனின் வீட்டுக்குச் சென்று வருத்தந் தெரிவித்தோம். தகப்பனார் தேநீர் தந்தார்; மகன் வெளியே வரவில்லை. அடுத்த பட்டறைக்கு வந்தான். நம்மிடம் எதுவுங் காட்டவில்லை. இடைவேளையில், பின்வாங்கில் இருந்த இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் ஏதோ வாசித்துக் காட்டினான். நாம் கிட்டப் போகவில்லை.

வருகின்ற தவணை விடுமுறையில் மீண்டும் கூடுகின்றோம். பெரியோர்கள் கொப்பிகளும் மத்தியானச் சாப்பாடும் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.