ஈயின் ஞாபகமும் இடைவேளையின் பயனும்



பழுத்த வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு பழ ஈயை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதன் மூளை குண்டூசித் தலையிலும் சிறியது. ஆயினும் அந்த ஈயும் படிக்கிறது, ஞாபகம் வைக்கிறது, மறந்தும் போகிறது.

1974ஆம் ஆண்டிலே, கலிபோர்ணியாவில் சீமோர் பென்சர் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் ஈக்களுக்கு ஒரு மணத்தோடு மின்னதிர்ச்சியைக் கொடுத்தனர். வேறொரு மணத்தோடு கொடாது விட்டனர். பின்னர் அதிர்ச்சி தந்த மணத்தை ஈக்கள் பல விலக்கின. 1976இல், இப்பாடத்தில் தேறாத ஈ வர்க்கம் ஒன்றைக் கண்டு, அதற்கு 'மந்தன்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர். ஆனால் அந்த ஈ அறவே படிக்காததன்று. படித்ததை விரைவில் இழந்துவிடுவது என்பது பின்னர் தெரிந்தது. ஜீன் எனப்படும் பரம்பரையலகு ஒன்றின் பழுதே அதற்குக் காரணம். ஆகவே, மறதியுள்ள பிள்ளையை 'மடையன்' என்று வைவதற்கு முன், பெரியோர்களாகிய நாம் சற்றே நிதானிப்பது நன்று.

1994இல் நியூயோர்க் மாநிலத்துக் கோல்ட் ஸ்பிரிங் ஹாபர் ஆய்வுகூடத்தில் வேறொரு சோதனை நடந்தது. சில ஈக்களுக்கு ஒரே பாடத்தை ஓய்வின்றிப் பத்து முறை புகட்டினர். வேறு சிலவற்றுக்கு அதே பத்து முறையை, இடையிடையே 15 நிமிட ஓய்வு விட்டுப் புகட்டினர். முன்னவற்றின் ஞாபகம் சில நாள்களில் தேய்ந்து மறைந்தது. பின்னவற்றின் ஞாபகம் ஒரு வாரமளவும் நின்றது.

இதன் காரணம் யாது? நெடுங்கால ஞாபகத்துக்கு மூளையின் நரம்புக் கலங்களில் புதிய புரதங்கள் உண்டாதல் வேண்டும். அவற்றுக்குரிய பரம்பரையலகுகளைத் தொழிற்படுத்துவது 'கிறெப்' என்னும் ஒரு புரதம். அதனைத் தடுத்தபோது ஈக்கள் பாடத்தைப் படித்தன; ஆனால் நெடுநாள் ஞாபகம் உண்டாகவில்லை. மண ஞாபகத்தின் முக்கிய இருப்பிடம், மூளையின் இருபுறமும் காளான் வடிவில் அமைந்த பகுதி. ஒவ்வொரு புறத்திலும் ஏறத்தாழ 2,000 நரம்புக் கலங்கள் அதற்குண்டு. அங்கே கலங்களுக்கிடையேயுள்ள தொடர்புகள் மாறியமைவதே ஞாபகம் நிலைபெறும் வழி.

நாம் ஈக்கள் அல்லோம். எனினும் கிறெப்பை ஒத்த புரதங்கள் நம் உடலிலும் உண்டு. மனிதரிடத்தும் இடைவிட்டுப் படித்தலே சிறந்தது என்பதை ஜேர்மனிய அறிஞர் எபிங்கௌஸ் 1885இலேயே எடுத்துக்காட்டினார்.

ஆகவே இளைஞர்களே, பரீட்சைக்கு முந்திய ஓர் இரவில் பத்து முறை படிப்பதைவிட, பல நாள்களிற் பகிர்ந்து படியுங்கள். பாடத்துக்கிடையே பிள்ளை ஓய்ந்திருந்தால், பெற்றோரே, அதனைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். அவ்வோய்வும் படிப்பின் ஒரு பகுதியே.