கடல் கடந்த கல்வியும் நம் கடமையும்

(சதுரங்கப்பட்டினத்தில் கூடிய நம் சங்க மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உபகாரச் சம்பளம் பெற்று மேல்நாடு சென்று கற்பதற்கு விண்ணப்பம் செய்வது குறித்துச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். அயல்நாட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வேறெவ்வூரார் கேட்பினும் இவ்வூரார் கேட்டல் தகாது. பதினேழாம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர் இங்குக் கோட்டை கட்டி வாணிகம் செய்தனர். இக்கரையில் நெய்த மெல்லிய துணி அவர்தம் கப்பலேறிச் சென்றது. துணி கடல் கடந்தது. நெய்தவன் பிள்ளை கரையிலேயே நின்றான். அந்நிலை இன்னும் முற்றும் நீங்கவில்லை.

விண்ணப்பத்தின் இயல்பை விளக்குதற்குக் கணித மேதை சீனிவாச இராமாநுஜன் சரிதத்தினும் சிறந்ததொன்றை நான் அறியேன். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கணிதம் ஒன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டார். அதனால் கலாசாலையில் பெற்றிருந்த உபகாரச் சம்பளத்தை இழந்தார், எப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. பட்டமில்லாத அவர் 1912-இல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தாம் கண்ட தேற்றங்களை எழுதியனுப்பினார். அதற்கு முன்னரே அங்குள்ள வேறு அறிஞர்க்கு எழுதியும் பயன் விளையவில்லை. அத்துடன் அவர் நின்றிருப்பின் உலகம் அவரை அறிந்திராது.

அவ்வாண்டிலேயே சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. அது முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கே உரியது. அவ்விதியைத் தளர்த்தியே அளித்தனர். மறுவருஷம் ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கிடைக்க, 1914 மார்ச் 17-ஆம் நாள் சென்னையில் கப்பலேறினார். 1918-இல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார்.

மாணவர்களே! ஒன்றைக் கவனியுங்கள். திறமை அவருடையது, ஆயினும் திறமை தானே நடந்து சென்று கதவைத் தட்டவில்லை. திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராயிருந்த இராமசுவாமி ஐயர் அவரது குறிப்பேட்டைக் கண்டு சிபாரிசு செய்தார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் தம் கைப்பொருள் கொண்டு ஆதரித்தார். துறைமுகத் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும், வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் அவருக்காகப் பரிந்து நின்றனர். சென்னைக்கு வந்த நெவில் என்னும் ஆங்கிலேயர் சர்வகலாசாலைக்கு அவர் பொருட்டுக் கடிதம் வரைந்தார். ஒருவருடைய விண்ணப்பத்தின் பின்னே எத்தனை பேருடைய கைகள்!

இங்கு என் பிழையொன்றையும் மறைக்காது கூறுகிறேன். வாலிபத்தில் நானும் அத்தகைய விண்ணப்பப் படிவமொன்று வாங்கினேன். நற்சாட்சிப் பத்திரம் வேண்டி ஒரு பெரியவர் வாயிலில் நின்றேன். நாளை வரச் சொன்னார். மறுநாள் செல்ல என் மானம் இடங்கொடுக்கவில்லை. கெடு நாள் கடந்தது. படிவம் நெடுங்காலம் என் பெட்டியிலேயே கிடந்தது. மானமென்று நான் எண்ணியது அச்சமே என்பதை நரை வந்த பின்னரே உணர்ந்தேன்.

இனிப் பெற்றோர்க்கு ஒரு சொல். இராமாநுஜனின் தாயாரும் முதலில் கடற்பயணத்துக்கு இசையவில்லை. பின்னரே மனமிசைந்து விடைகொடுத்தார். இன்று கடல் கடத்தலைப் பாவமென்பார் இலர். ஆயினும் பெண் விண்ணப்பம் செய்ய விரும்பினால், “கல்யாணம் என்னாவது?” என்கிறோம். இக்கூட்டத்திலும் அவ்வினாவுக்கு விடை தெரியாது கலங்கும் தந்தையார் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பதை நான் அறிவேன். ஆக்ஸ்போர்டில் கற்பதற்கான புகழ்பெற்ற ரோட்ஸ் உபகாரச் சம்பளம் தொடக்கத்தில் ஆண்களுக்கே உரியதாயிருந்தது. 1977-இல்தான் பெண்கள் முதன்முதலாக அதனைப் பெற்றுச் சென்றனர். உயிலால் அடைக்கப்பட்ட கதவே திறந்துவிட்டது. நம் வீட்டுக் கதவு மட்டும் அடைத்திருத்தல் முறையோ?

சங்கத்தாருக்கும் ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளேன். இராமாநுஜன் துறைமுகத்திலிருந்து கடிதமெழுதிய அதே 1913-ஆம் ஆண்டில், பரோடா மன்னர் சாயாஜிராவ் உதவியால் டாக்டர் அம்பேத்கர் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்றார். 1917-இல் திரும்பிப் பரோடாவில் உத்தியோகம் ஏற்றபொழுது, சாதியின் பொருட்டு அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. ஒதுங்கியிருந்த விடுதியிலிருந்தும் துரத்தப்பட்டார். படிப்புக்குப் பணம் கொடுத்த ஊர், படித்துவந்தவருக்கு இடம் கொடுக்கவில்லை. குலத்தின் பெயரால் கூடும் நாம் இதனை மறத்தலாகாது. இராமாநுஜனுக்குக் கைகொடுத்தோர் அனைவரும் ஒரே குலத்தினரோ, ஒரே நாட்டினரோ அல்லர். ஆகவே நம் உதவியும் நம் பிள்ளைகளோடு நின்றுவிடலாகாது.

என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, கற்றறிந்த அங்கத்தினர் இருவர் ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து மாணவர் எழுதும் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்த வேண்டும். இரண்டாவது, பரீட்சைக் கட்டணத்துக்கும் நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் வழிச்செலவுக்கும் சிறு நிதி வேண்டும். மூன்றாவது, இவ்விரண்டும் இவ்வூர்ப் பிள்ளைகள் எவர்க்கும் உரியவையாதல் வேண்டும்.

உதவி பெற்றவர் என் செய்வாரென ஐயுறுவோர்க்கு ஒன்று கூறி முடிக்கிறேன். சீமையில் நோயுற்றிருந்த இராமாநுஜனுக்கு ஆண்டுக்கு 250 பவுன் தொடர்ந்து அளிப்பதாகச் சென்னைச் சர்வகலாசாலை அறிவித்தது. 1919 ஜனவரியில் அவர் மறுமொழி எழுதினார். பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் போகவும், தம் அவசியச் செலவு போகவும் எஞ்சுவதை ஏழை மாணவர், அநாதைகளின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டினார். மறுவருஷம் ஏப்ரல் 26-ஆம் நாள், 32-ஆம் வயதில், காலஞ்சென்றார். உபகாரச் சம்பளம் பெற்றவர் அதனைப் பிறர்க்கு உபகாரமாகவே திருப்பியளிக்க எண்ணினார்.

அம்மனம் நம் பிள்ளைகளுக்கும் வாய்க்குமாக! படிவத்தைப் பெட்டியில் வையாதீர்கள்.