கேட்டுப் பெற வேண்டிய உரிமை
(கீழ்பென்னாத்தூர் ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும் காலத்தில், உடற்குறையுள்ள பிள்ளையை மட்டும் "வீட்டிலேயே இருக்கட்டும்" என்று நிறுத்திவிடுதல் தகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோருக்கு, அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு.

குறைபாடு 40 விழுக்காட்டை எட்டாவிட்டால்? எழுதும்போது கை இசிவுக்கு உள்ளாகும் விகாஷ் குமார் என்பவருக்குக் குடிமைப் பணித் தேர்வில், சொல்வதை எழுதும் உதவியாளர் மறுக்கப்பட்டார். எழுத இயலாதவருக்கு உதவி மறுக்க அந்த அளவைக் காரணம் காட்டலாகாது என்று 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயினும் கேளாதவரைத் தேடி இவ்வுரிமைகள் வருவதில்லை. ஆகவே பெற்றோர்களே, மருத்துவச் சான்றையும் தனித்துவ அடையாள அட்டையையும் சேர்க்கைக்கு முன்பே பெற்றுவிடுங்கள். இதற்குத் திருவண்ணாமலையிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். தரைத்தள வகுப்பறை, முன்வரிசை இருக்கை, தேர்வில் கூடுதல் நேரம் என எது தேவையோ, அதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கல்லூரி முதல்வருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு நாளன்று கேட்பது காலங்கடந்த செயலாகும்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, "உன்னால் எது முடியாது?" என்று கேளாமல், "உனக்கு எதில் விருப்பம்?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். படித்த நம் இளைஞர்கள் விண்ணப்பம் எழுதித் தர முன்வர வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன்.